பந்தயத் தளத்தின் பேடக்கில் ஓட ஒரு சின்ன வண்டி: பார்த்து வாங்குவது எப்படி?

பந்தயத்துக்குப் போகிறவர்கள் தடத்தின் நீளத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வேயில் 2.1 கிலோமீட்டர், கிரேட்டர் நொய்டாவின் புத்தா தளத்தில் 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று கேட்டவுடன் சொல்வார்கள். ஆனால் கேரேஜ்களுக்குப் பின்னால் இருக்கும் பேடக்கில் மூன்று நாளும் தாம் நடக்கிற தூரத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. வண்டிச் சோதனைக்கு ஒரு நடை, ஓட்டுநர் கூட்டத்துக்கு ஒரு நடை, டயர் மாற்றுமிடத்துக்கு இரண்டு நடை, பெட்ரோலுக்கு, நேரப் பட்டியல் வாங்க, சாப்பாட்டுக்கு, கழிவறைக்கு என்று போய்வருகையில், ஒரு நடைக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு இருபது முறை போய்த் திரும்பினால் 12 கிலோமீட்டர் ஆகிவிடும். அதையும் முட்டி மடங்காத தோல் உடுப்பிலும் பந்தய பூட்ஸிலும், தார்த் தரையின் அனல் முகத்தில் அடிக்க, கையில் ஹெல்மெட்டோடு நடக்க வேண்டும். மதியப் பந்தயத்துக்கு, வண்டிகள் வரிசையாக நின்று கிளம்பும் கட்டத்தில் போய் நிற்கும்போது கால் ஏற்கெனவே களைத்திருக்கும்.

இதற்காகத்தான் குழுக்கள் ஒரு சின்ன வண்டியை உடன் கொண்டுவருகின்றன. பிட் பைக் என்பது உலகெங்கும் அதற்கு வழங்கும் பெயர். ஆனால் வாங்கும்போது பெரும்பாலோர் சாலையில் ஓட்ட வண்டி வாங்குவதுபோல் இஞ்சின் திறன், மைலேஜ், தோற்றம் என்ற வரிசையில் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். பேடக் வண்டி ஒரு மணி நேரத்தில் ஓடுவது பத்து நிமிடம்கூட இருக்காது. மீதி நேரம் நிற்கும், சாத்தி வைக்கப்படும், தூக்கப்படும், மேலே சாமான் ஏற்றப்படும். ஆகவே அது நிற்கும்போது என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஓடும்போது என்ன செய்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன் எடை என்ன, எதை ஏற்றலாம், எங்கே நிறுத்தலாம், காலையில் முதல் உதையில் கிளம்புமா ஆகிய நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால், அது எவ்வளவு வேகம் போகும் என்ற கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடலாம்.

இந்த வகை வண்டிகளின் முன்னோடி என்று ஹோண்டா மங்கியைச் சொல்வது வழக்கம். அது பந்தயத் தளத்துக்காகப் பிறந்ததன்று. டோக்கியோவை அடுத்த டாமா டெக் கேளிக்கைப் பூங்காவில் விளையாட்டு வண்டியாக 1961-இல் வந்த 50 சிசி வண்டி அது. பெரியவர்கள் அதில் உட்கார்ந்தால் குரங்கு குந்தியிருப்பதுபோல் தெரிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். பின்னர் 1981-இல் அதே நிறுவனம் மோட்டோகாம்போ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது; கைப்பிடியையும் இருக்கையையும் உள்ளே மடக்கினால் பெட்டிபோல் ஆகி, அந்நிறுவனத்தின் சிட்டி என்ற காரின் பின்புறத்தில் அடங்கிவிடும். அதன் எடை 42 கிலோ. இன்று இவ்விரண்டின் பழைய மாதிரிகளும் சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டன, அந்த விலைக்கு வாங்கி பேடக்கின் எண்ணெயிலும் தூசியிலும் விடுவது நியாயமில்லை. ஆனாலும் காரின் பின்புறத்தில் அடங்க வேண்டும், ஒருவரோ இருவரோ தூக்க வேண்டும் என்று அவை வகுத்த அளவுகோல் இன்றும் சரியானதே.

முதலில் இடத்தையும் விதியையும் பாருங்கள்

பிட் லேனும் பேடக்கும் ஒன்றல்ல. தடத்திலிருந்து பந்தய வண்டிகள் உள்ளே வந்து கேரேஜ் முன் நின்று போகும் பாதை பிட் லேன். பயிற்சியோ பந்தயமோ நடக்கும்போது அங்கே உங்கள் சின்ன வண்டிக்கு இடமே இல்லை. அதன் வேக வரம்பே மோட்டோ ஜிபியில் மணிக்கு 60 கிலோமீட்டர், ஃபார்முலா ஒன்னில் பெரும்பாலான தளங்களில் 80 கிலோமீட்டர் என்றால், அந்த ஓட்டத்தின் குறுக்கே ஒரு மொபெட் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாம் பேசும் வண்டி கேரேஜ்களின் பின்வாசலுக்கு அப்பால் உள்ள பகுதிக்கானது. அங்கும் ஒவ்வொரு போட்டிக்கும் அமைப்பாளர்கள் வெளியிடும் துணை விதிமுறைகளில் இதற்கென்று ஒரு பத்தி இருக்கக்கூடும்: ஒரு குழுவுக்கு எத்தனை வண்டி, ஓட்டுபவர் ஹெல்மெட் அணிய வேண்டுமா, உரிமம் கேட்பார்களா, வண்டியில் போட்டி எண் ஒட்ட வேண்டுமா, பெட்ரோல் வண்டி கேரேஜுக்குள் நிற்கலாமா என்பவை அதில் வரும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், நீங்கள் ஆண்டில் எந்தெந்தத் தளங்களுக்குப் போவீர்களோ அவற்றின் சென்ற பருவத்து விதிமுறைகளை எடுத்துப் படித்துவிடுங்கள்.

தளத்தின் அளவும் முடிவை மாற்றும். கரி ஸ்பீட்வேயில் மட்டும் ஓடுகிறவருக்கு, என் கணிப்பில், இஞ்சின் வைத்த பேடக் வண்டி தேவையே இல்லை. நான்கு நல்ல சக்கரங்கள் பொருத்திய ஒரு தள்ளுவண்டியும் ஒரு பழைய சைக்கிளும் போதும். இருங்காட்டுக்கோட்டையில் மூன்று நாள் முகாமிடும் குழுவுக்கு வண்டி உதவும். புத்தாவுக்கோ மலேசியாவின் 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள செபாங்குக்கோ போகிறவர்களுக்கு அது ஏறத்தாழக் கட்டாயம், ஏனென்றால் உலகப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அந்தத் தளங்களில் வாகன நிறுத்துமிடத்திலிருந்து கேரேஜை அடைவதே ஒரு பயணம்.

குட்டி யானையில் ஏறுமா?

நம் ஊரில் பந்தய பைக்கை ஏற்றிக்கொண்டு வருவது பெரும்பாலும் குட்டி யானை என்று எல்லோரும் அழைக்கும் டாடா ஏஸ்தான். அதன் தட்டு ஏழடிக்குச் சற்று அதிக நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டது. பந்தய பைக் ஒன்று ஆறரை அடிக்கு மேல் நிற்கும். அதற்குப் பக்கத்தில் கருவிப் பெட்டி, டயர்கள், பைக்கைத் தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்ட் இரண்டு, பெட்ரோல் கேன், மடக்கு நாற்காலிகள் எல்லாம் போன பிறகு மிச்சமிருக்கும் இடந்தான் உங்கள் சின்ன வண்டிக்கு உரியது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன், சாமான் எல்லாவற்றையும் ஒருமுறை ஏற்றி, மீதி இடத்தை இஞ்ச் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். வண்டி வாங்கி வந்த பிறகு கைப்பிடி இரண்டும் சிக்கி, ஒன்றைக் கழற்றி ஏற்றி, தளத்தில் இறங்கியதும் மறுபடி பூட்டிக்கொண்டிருக்கும் குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடையை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். 15 கிலோ வரை ஒருவர் ஒரு கையால் தூக்கிவிடுவார். மடக்கு சைக்கிளும் நின்று ஓட்டும் மின்சார ஸ்கூட்டரும் இதற்குள் வரும். 50 கிலோ வரை இருவர் தூக்கலாம், ஹோண்டாவின் சிறுவர் பைக்கான சிஆர்எஃப் 50 அந்த எல்லையில் நிற்கிறது. அதற்கு மேல் போனால் பலகை வேண்டும், பலகையை வைக்க இடம் வேண்டும், ஏற்றிய பிறகு நாலு பக்கமும் இழுத்துக் கட்டப் பட்டை வேண்டும். நூறு கிலோவைத் தாண்டும் ஹோண்டா குரோம் போன்றவற்றை ஏற்றுவது இன்னொரு பந்தய பைக்கை ஏற்றுவதற்குச் சமம். இடம் போதவில்லை என்று பெட்ரோல் வண்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவராதீர்கள். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கசியும், இஞ்சின் ஆயில் காற்று வடிகட்டிக்குள் போகும், இறக்கியதும் அது கிளம்பாது. மூடிய வேனாக இருந்தால் அந்தப் பெட்ரோல் நெடியே ஆபத்து.

சுமைதான் அதன் வேலை

ஒருவர் ஏறிச் சும்மா போய்வருவதற்கு என்றால் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் பேடக்கில் வெறுங்கையோடு போகிற நடை குறைவு. 20 லிட்டர் பெட்ரோல் மட்டும் 15 கிலோ இருக்கும், கேனோடு சேர்த்தால் இன்னும் அதிகம். டயர் பூட்டிய கார்ச் சக்கரம் ஒன்று பத்து கிலோவைத் தாண்டும், அவை நான்காக வரும். இதில்தான் பளபளப்பான பிட் பைக்குகள் தோற்றுப்போகின்றன. அவற்றில் கால் வைக்கக் கம்பி இருக்கும், சாமான் வைக்க ஒரு சாண் இடம் இருக்காது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை பால்காரர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஓசூரில் 1980-இல் பிறந்த டிவிஎஸ் 50-இன் வழிவந்த எக்ஸ்எல் 100, பேடக்குக்கென்றே வடிவமைத்ததுபோல் இருக்கிறது. 99.7 சிசி நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின், கியர் மாற்றும் வேலை இல்லை, எடை 85 முதல் 90 கிலோ வரை. கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவில் தட்டையான இடம். அதில் ஒரு சக்கரத்தை நிறுத்தி வைத்து இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு போகலாம். பின்னிருக்கையைக் கழற்றினால் கேரியர் கிடைக்கும், அதில் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டை நிரந்தரமாகக் கட்டிவிட்டால் ஹெல்மெட், கையுறை, தண்ணீர் பாட்டில், டேப் சுருள் எல்லாம் அதில் போகும். 16 அங்குலச் சக்கரம் என்பதால் சரளையிலும் சேற்றிலும் சிக்காது. எதுவும் கழன்றாலோ அறுந்தாலோ ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பாகம் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் பட்டறை ஒன்று அகப்படும். தேங்காய்க் குலைகளையும் சிமெண்ட் மூட்டையையும் சுமந்த வண்டிக்கு பந்தய டயரைச் சூடாக்கும் உங்கள் டயர் வார்மர் பெட்டி ஒரு பொருட்டே அல்ல. அதற்கு அழகில்லை என்று முகம் சுளிக்கும் இளம் ஓட்டுநர்கள் முதல் நாள் மாலைக்குள் அதன் சாவியைக் கேட்டு நிற்பார்கள்.

எக்ஸ்எல் ஏற இடமில்லாதவர்கள் பழைய ஸ்கூட்டி பெப் போன்ற சிறிய ஸ்கூட்டரைப் பார்க்கலாம். கால் வைக்கும் தளம் தட்டையானது, இருக்கைக்கு அடியில் பூட்டி வைக்க இடம் உண்டு. பேடக்கில் கைப்பேசியையும் பணப்பையையும் எங்கே வைப்பது என்று திண்டாடுகிறவர்களுக்கு இந்தப் பூட்டு பெரிய நிம்மதி. ஆனால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பலகைகள் ஒரு பருவத்துக்குள் உடையும். 2016-இல் வந்து சில ஆண்டுகளில் இங்கே விற்பனை நின்றுபோன ஹோண்டா நவியும் பழைய வண்டிச் சந்தையில் அகப்படும். ஆக்டிவாவின் இஞ்சின் வகையைச் சேர்ந்தது என்பதால் பாகங்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது. வழக்கமாக பெட்ரோல் டேங்கும் இஞ்சினும் இருக்கும் நடுப்பகுதியில் சாமான் பெட்டி வைத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தார்கள். ஆனால் அதுவும் நூறு கிலோ வண்டி என்பதை மறக்க வேண்டாம்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. நாங்கள் அப்படி ஒன்றை வைத்திருந்தோம். ஏழாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது, எதையும் இழுத்தது. அதற்கு பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், பந்தய பைக்குக்கு வெறும் பெட்ரோல். இரண்டு கேனும் ஒரே நீலம், ஒரே அளவு. சனிக்கிழமை மாலை அவசரத்தில் உதவிக்கு வந்த தம்பி வெறும் பெட்ரோலை மொபெட்டில் ஊற்றிவிட்டான். அவன்மேல் குற்றமில்லை, கேனில் எழுதி வைக்காதது நான்தான். ஞாயிறு காலை டயர்க்காரரிடம் போகும் வழியில் இஞ்சின் ஒரு கீச்சுக் குரல் எழுப்பிவிட்டுப் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் வழுக்கியபடியே நின்றது. நல்ல வேளையாக மெதுவாகத்தான் போனேன். கேன் மாறி ஆயில் கலந்த பெட்ரோல் பந்தய பைக்குக்குள் போயிருந்தால் அந்த வாரமே போயிருக்கும். குழுவின் எல்லா வண்டிகளும் ஒரே பெட்ரோலைக் குடிப்பது பெரிய வசதி. அது முடியாவிட்டால் கேன்களின் நிறமாவது வேறாக இருக்கட்டும்.

மின்சார ஸ்கூட்டர்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

நின்றுகொண்டு ஓட்டும் மடக்கு மின்சார ஸ்கூட்டர்கள் இப்போது எல்லாத் தளங்களிலும் தென்படுகின்றன. ஷியோமியின் எம்365 என்ற மாதிரியை எடுத்துக்கொண்டால், எடை பன்னிரண்டரைக் கிலோ, மோட்டார் 250 வாட், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், பேட்டரி 280 வாட்-மணி அளவு. நிறுவனம் சொல்லும் தூரம் 30 கிலோமீட்டர். நம் எடைக்கும் வெயிலுக்கும் நின்று நின்று ஓடுவதற்கும் அதில் மூன்றில் இரண்டு பங்கை நம்பலாம் என்பது என் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் முன்னே சொன்ன 12 கிலோமீட்டருக்கு அது தாராளம். தனியாக வந்து, குழுவின் பெட்டியை வேறொருவர் சுமக்க, தான் மட்டும் கூட்டத்துக்கும் கேரேஜுக்கும் போய்வரும் ஓட்டுநருக்கு இதைவிட வசதி வேறில்லை. மடக்கினால் நாற்காலிக்குப் பின்னால் சாத்திவிடலாம்.

குறை அதன் சக்கரத்தில் இருக்கிறது. எட்டரை அங்குலச் சக்கரம் வழவழப்பான நகர நடைபாதைக்குப் போதும். பேடக்கில் தரையின் குறுக்கே மின்கம்பி ஓடும், காற்றுக் குழாய் ஓடும், கம்பிகளுக்கு மேல் ரப்பர் மேடு போட்டிருப்பார்கள், தண்ணீர் போகிற கால்வாய்க்கு இரும்புச் சட்டம் மூடியிருப்பார்கள். இவற்றில் எதை நேராகக் கடக்காமல் சாய்வாகக் கடந்தாலும் முன்சக்கரம் திரும்பி உங்களை முன்னால் எறிந்துவிடும். நின்று ஓட்டுகிறவர் விழும்போது கை முதலில் தரையில் ஊன்றும், மணிக்கட்டு போகும். பைக் ஓட்டுநருக்கு மணிக்கட்டு போனால் பருவமே போனது. ஆகவே இந்த வகையில் வாங்குவதென்றால் பத்து அங்குலத்துக்குக் குறையாத, காற்றடைத்த டயர் உள்ளதாகப் பாருங்கள். பஞ்சர் ஆகாது என்று விற்கப்படும் கெட்டி ரப்பர் டயர் ஈரத் தரையில் வழுக்குவதோடு ஒவ்வொரு சிறு மேட்டையும் முழங்கால் வரை கொண்டுவந்து சேர்க்கும்.

சத்தமில்லாததை நன்மை என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். பேடக்கில் அது பாதி உண்மைதான். பக்கத்தில் ஒரு இஞ்சினை முறுக்கிக்கொண்டிருக்க, மெக்கானிக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வருவார். நீங்கள் வருவது அவருக்கு எப்படித் தெரியும்? சைக்கிள் மணி ஒன்றை மாட்டினாலும் அவர் காதில் அது விழாது. மின்சார வண்டி ஓட்டுகிறவர், எல்லாருக்கும் காது கேட்காது என்று வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

அடுத்தது வெயில். லித்தியம் பேட்டரிக்கு நம் நண்பகல் சூடு ஆகாது. கண்ணாடி மூடிய வேனுக்குள்ளோ தார்த் தரையில் நேர் வெயிலிலோ விடாமல் நிழலில் நிறுத்துங்கள், ஓடி வந்த கையோடு சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள், ஆளில்லாத கேரேஜில் இரவு முழுதும் சார்ஜில் விட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் பெட்ரோல் கேன் இருக்கும் அறை அது. செபாங்குக்கு விமானத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: விமானப் பயணிகள் எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பொதுவாக ஏற்றமாட்டார்கள். 280 வாட்-மணி ஸ்கூட்டர் விமான நிலையத்திலேயே நின்றுவிடும்.

நான் வேண்டாம் என்பவை

இணையக் கடைகளில் 49 சிசி பாக்கெட் பைக் என்று விற்கப்படும், முழங்கால் உயரத்துக்குக்கூட வராத, கயிறு இழுத்துக் கிளப்பும் வண்டிகள் பெரியவர்களுக்கு ஆகாதவை. பிரேக் பேருக்கு இருக்கும், சங்கிலி அடிக்கடி கழலும், வேன் ஓட்டுகிறவரின் கண்ணாடியில் அதில் உட்கார்ந்தவரின் தலைகூடத் தெரியாது. இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்; பேடக்கில் பின்னோக்கி வரும் வாகனங்கள்தான் மிகப் பெரிய ஆபத்து.

110, 125, 140 சிசி அளவுகளில் வரும் சீன பிட் பைக்குகளின் கதை வேறு. அவற்றின் படுக்கை வாட்டு இஞ்சின் 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் இஞ்சினின் வடிவத்தைப் பின்பற்றியது, எளிமையானது, உழைக்கும். ஆனால் அவை மண் தடத்தில் குதிக்கச் செய்யப்பட்டவை. இருக்கை உயரம், சைலன்சர் சத்தம், கியர், கிளட்ச் எல்லாமே ‘முறுக்கு’ என்று அழைக்கும். பந்தயம் முடிந்த உற்சாகத்தில் யாராவது முன்சக்கரத்தைத் தூக்குவார்கள், தளத்தின் ஒழுங்கைப் பார்க்கும் மார்ஷல் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவார், அபராதம் குழுவின் பேரில் விழும். மண் தடத்தில் பயிற்சி செய்யவும் அதே வண்டியை வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் வாங்கட்டும், பேடக்குக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனி ஆளுக்கு, குறைந்த பணத்துக்கு, அதுவே முதல் தேர்வு. 20 அங்குலச் சக்கரமும் பின்கேரியரும் உள்ள மடக்கு சைக்கிள் எந்த விதிமுறையிலும் பெரிதாக மாட்டாது, மாலையில் தடத்தைச் சுற்றிப் பார்க்க அமைப்பாளர்கள் அனுமதிக்கும் நேரத்தில் வளைவு வளைவாக நின்று பார்க்கவும் உதவும்.

பழைய வண்டியைச் சோதிப்பது

பேடக்குக்குப் புது வண்டி வாங்குவது வீண்செலவு. பழையதைப் பார்க்கப் போகும்போது, முன்கூட்டியே இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் சைலன்சரில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் உங்கள் வருகைக்கு முன் கிளப்பிப் பார்த்திருக்கிறார் என்று பொருள், ஆறும்வரை தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். இந்த வண்டி இரண்டு பந்தயங்களுக்கு நடுவே ஒரு மாதம் சும்மா கிடந்து, பிறகு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு உதைத்ததும் கிளம்ப வேண்டியது. குளிர்ந்த நிலையில் ஐந்தாறு உதையில் கிளம்பாதது அன்றும் கிளம்பாது. இதே காரணத்தால் உதைத்துக் கிளப்பும் வசதி இல்லாத, பட்டன் மட்டுமே உள்ள வண்டியை நான் தவிர்ப்பேன். சும்மா கிடக்கும் மாதத்தில் பேட்டரி இறங்கிவிடும்.

ஆக்சிலரேட்டரை முழுதும் திருகி விட்டுவிடுங்கள். கை எடுத்ததும் தானே சட்டென்று திரும்ப வேண்டும். மெல்லத் திரும்பினாலோ கைப்பிடியை ஒரு பக்கம் முழுதும் வளைக்கும்போது இஞ்சின் வேகம் கூடினாலோ கேபிள் போயிருக்கிறது. விலை கொஞ்சந்தான், ஆனால் மாற்றாமல் ஓட்டக்கூடாது. பிறகு ஸ்டாண்ட். வெயிலில் இளகிய தாரில் பக்க ஸ்டாண்ட் ஒரு மணி நேரத்தில் புதைந்து, வண்டி மெல்லச் சாய்ந்து, பக்கத்தில் நிற்கும் பந்தய பைக்கின்மேல் விழும். நடு ஸ்டாண்ட் உள்ளதை வாங்குங்கள், அது ஆடாமல் நிற்கிறதா என்று சாமான் ஏற்றியபடி பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டை தேயாதிருந்தாலும் ஆறேழு ஆண்டு வெயிலில் கிடந்த ரப்பர் கல்லாகியிருக்கும், அதன் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

ஆவணங்களையும் விட்டுவிட வேண்டாம். உள்ளே மட்டும் ஓட்டுகிற வண்டிக்கு எதற்கு ஆர்சி என்று கேட்பவர்கள், மதியம் சாப்பாடு வாங்க அதே வண்டியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் போகிறவர்களாகவே இருப்பார்கள். வெளிவாசலைத் தாண்டினால் பதிவு, காப்பீடு, உரிமம், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். மின்சார வண்டியில், மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, அதற்கான சான்று பெற்ற மாதிரியாக இருந்தால் பதிவும் உரிமமும் தேவையில்லை. அதற்கு மேல் எதுவும் மோட்டார் வாகனம்தான். 16 வயது நிரம்பியவர் உரிமம் பெற்று ஓட்டலாம் என்று சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மிகாத வண்டியை மட்டுமே. எக்ஸ்எல் 100 அதில் அடங்காது. தளத்துக்குள் சிறுவர்களை ஓட்டவிடும் பழக்கம் நிறைய இருக்கிறது. கோ-கார்ட்டில் கோப்பை வாங்கிய பையனாக இருந்தாலும் பேடக்கில் பின்னிருக்கைதான் அவன் இடம்.

வாங்கி வந்ததும் மூன்று வேலை செய்யுங்கள். முதலாவது, ஆக்சிலரேட்டர் கேபிளில் தளர்வு விட்டு, முழுதும் திருகினாலும் பாதிக்கு மேல் திறக்காதபடி வையுங்கள். வண்டி சுமை இழுக்கும், பறக்காது. வெளிச் சாலைக்கு எடுப்பதானால் மட்டும் பழையபடி இறுக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, இரு பக்கமும் குழுவின் போட்டி எண்ணைப் பெரிதாக ஒட்டுங்கள். ஒரே நிற எக்ஸ்எல்கள் நாலைந்து நிற்கும் இடத்தில் மாறிப் போகாது, வழியை மறித்து நிறுத்தியிருந்தால் ஒலிபெருக்கியில் சரியான குழுவையே கூப்பிடுவார்கள். மூன்றாவது, சாவி. கட்டத்துக்குப் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது சாவி எங்கே என்று தேடினால் அது ஓட்டுநரின் தோல் உடுப்புக்குள், அவர் தடத்தில் இருப்பார். மாற்றுச் சாவியைக் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒரு ஆணி அடித்து மாட்டிவிடுங்கள், கூடவே சிவப்புத் துணி ஒன்றையும் கட்டுங்கள்.